ஒரு மாகாணம் ஏன் நான்கே வருடத்தில் தலைகீழாகிறது? அமெரிக்க அதிபர் தேர்தல் எண்களைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரிச்சர்ட் நிக்சன் மூன்று முறை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். மிசிசிப்பி மாகாணத்தில் 1960-இல் அவருக்குக் கிடைத்தது 24.7 சதவீதம். 1968-இல் 13.5. 1972-இல் 78.2. ஆளும் அதே ஆள், கட்சியும் அதே கட்சி. இடையில் 1964-இல் அதே குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்கு அங்கே 87.1 சதவீதம் ஓட்டு விழுந்திருந்தது.

இந்த நான்கு எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நிலையான புத்தியே இல்லையோ என்று தோன்றும். என் வாசிப்பு அதற்கு நேர் எதிர். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மிசிசிப்பி வெள்ளையர்களில் பெரும்பாலோர் தங்கள் எண்ணத்தை அதிகம் மாற்றிக்கொள்ளவில்லை. மாறியவை இரண்டு: வாக்குச்சீட்டில் யார் பெயர் இருந்தது, அந்தச் சீட்டைக் கையில் வாங்க யாருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களுக்கு நடுவே ஒரு மாகாணம் புரண்டு படுக்கும்போதெல்லாம் முதலில் துருவ வேண்டிய இடம் இதுதான். "மக்கள் மனம் மாறிவிட்டார்கள்" என்ற விளக்கத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: வண்ண வரைபடத்தை மூடிவையுங்கள்

தேர்தல் இரவில் தொலைக்காட்சி காட்டும் சிவப்பு நீல வரைபடம் (சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி) யார் ஜெயித்தார் என்பதை மட்டுமே சொல்லும். பெரும்பாலான மாகாணங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே மாகாணத்தின் அத்தனை தேர்வாளர் வாக்குகளும் (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் வாக்குகள்) போய்விடும். அதனால் துளியளவு நகர்வில் நிறம் மாறலாம், மலையளவு நகர்ந்தும் நிறம் மாறாமல் இருக்கலாம்.

ஹவாய் நல்ல உதாரணம். 2004-இல் ஜான் கெர்ரி அங்கே சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2008-இல் பராக் ஒபாமா ஜெயித்தது 45 புள்ளியில். வரைபடத்தில் இரண்டு முறையும் ஒரே நீலம்தான்.

எண்களை எடுக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. தேர்தல் முடிந்த மறுநாளே கணக்குப் போடாதீர்கள். கலிஃபோர்னியா போன்ற மாகாணங்களில் தபால் ஓட்டுகளை எண்ணி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். மாகாணம் சான்றளித்து வெளியிட்ட இறுதி எண்களை வைத்துத்தான் பேச வேண்டும். கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் பிற்பாடு எல்லா மாகாணங்களையும் தொகுத்து வெளியிடும், அது இன்னும் வசதி.

படி 2: எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம்?

சமூக ஊடகச் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாக்குப் பங்கு, முன்னிலை, ஊசல் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே "சதவீதம்" என்ற சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

ஜார்ஜியாவை எடுத்துக்கொள்வோம். 1972-இல் நிக்சனுக்கு 75.0, ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 24.6. இவை வாக்குப் பங்குகள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான சுமார் 50.4 புள்ளி, குடியரசுக் கட்சியின் முன்னிலை. 1976-இல் ஜிம்மி கார்ட்டருக்கு 66.7, ஜெரால்ட் ஃபோர்டுக்கு 33.0. இப்போது ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 33.8. ஒரு பக்கம் 50.4-இல் இருந்த முள் மறுபக்கம் 33.8-க்குப் போயிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஊசல் 84.2 புள்ளி.

இதைப் பார்த்து "ஜார்ஜியாவில் 84 சதவீதம் பேர் கட்சி மாறினார்கள்" என்று எழுதினால் தப்பு. ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடுகிறது, அதாவது முன்னிலை இரண்டு நகர்கிறது. ஆக 84-இன் பாதி, சுமார் 42. கார்ட்டரின் பங்கு மெக்கவர்னுடையதைவிட 42 புள்ளி கூடுதல், ஃபோர்டின் பங்கு நிக்சனுடையதைவிட 42 புள்ளி குறைவு. கணக்கு அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போவது அபூர்வம். பிரிட்டிஷ் பாணியில் எழுதுகிறவர்கள் இந்தப் பாதியையே ஊசல் என்பார்கள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நாட்டோடு சேர்ந்து நகர்ந்ததைக் கழியுங்கள்

1972-இல் நிக்சன் நாடு முழுக்க சுமார் 23 புள்ளி முன்னிலையில் ஜெயித்தார். 1976-இல் கார்ட்டர் ஜெயித்தது 2 புள்ளியில். ஆக நாடே 25 புள்ளி ஜனநாயகக் கட்சி பக்கம் சாய்ந்தது. ஜார்ஜியாவின் 84-இலிருந்து இந்த 25-ஐக் கழித்தால் வரும் 59 புள்ளிதான் ஜார்ஜியாவுக்கே உரிய கதை. விளக்கம் தேட வேண்டியது அந்த 59-க்கு.

இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் சில மாகாணங்களின் உண்மையான விநோதம் கண்ணில் படாது. 1960-இல் கென்னடியும் நிக்சனும் தேசிய அளவில் கிட்டத்தட்டச் சமம். 1964-இல் லிண்டன் ஜான்சன் சுமார் 22 புள்ளி முன்னிலை. நாடே ஜனநாயகக் கட்சி பக்கம் புரண்ட வருடம் அது. வெர்மான்ட் அந்த வெள்ளத்தோடு இன்னும் வேகமாக ஓடியது. குடியரசுக் கட்சி உருவான நாள் முதல் ஒரு முறைகூட ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு விழாத மாகாணம், ஏறத்தாழ 50 புள்ளி நகர்ந்து ஜான்சனை ஜெயிக்க வைத்தது. அதே நவம்பர் 3 அன்று, அதுவரை ஒரு முறைகூடக் குடியரசுக் கட்சிக்கு விழாத ஜார்ஜியா கோல்ட்வாட்டருக்குப் போனது.

மிசிசிப்பி? கென்னடி அங்கே நிக்சனைவிட சுமார் 12 புள்ளி கூடுதல் வாங்கியிருந்தார். கோல்ட்வாட்டர் ஜான்சனைவிட 74 புள்ளி கூடுதல். குடியரசுக் கட்சி பக்கம் 86 புள்ளி ஊசல். நாடு எதிர்த்திசையில் 22 போயிருப்பதால் இங்கே கழிக்கக்கூடாது, கூட்ட வேண்டும். 108 வருகிறது!

படி 4: சீட்டில் யார் பெயர் இருந்தது?

மிசிசிப்பியை விட்டு இப்போதைக்கு நகரப்போவதில்லை. இந்தப் படிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

நான் மேலே போட்ட 86 புள்ளிக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1960-இல் மிசிசிப்பியில் ஜெயித்தது கென்னடியும் அல்ல, நிக்சனும் அல்ல. 39 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது யாருக்கும் கட்டுப்படாத தேர்வாளர்களின் பட்டியல். அமெரிக்காவில் வாக்காளர் நேரடியாக அதிபருக்கு ஓட்டுப் போடுவதில்லை, தேர்வாளர்களுக்குத்தான் போடுகிறார். கட்சி வேட்பாளர்களின் இனக்கொள்கை பிடிக்காத தெற்கத்திய வெள்ளைத் தலைவர்கள், "எங்களை அனுப்புங்கள், யாருக்குப் போடுவது என்று நாங்கள் பிறகு முடிவு செய்கிறோம்" என்று தனிப் பட்டியல் நிறுத்தினார்கள். அந்த 8 பேரும் கடைசியில் வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டுக்குப் போட்டார்கள். அவர் அந்தத் தேர்தலில் வேட்பாளரே அல்ல.

இன்னும் பின்னால் போனால் 1948. அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன் கொண்டுவந்த, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கோரும் சிவில் உரிமைத் திட்டத்தை எதிர்த்துத் தெற்கத்திய வெள்ளையர்கள் கொதித்தார்கள். தென் கரோலினாவின் ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட் தனியாக நின்றார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் போல நியமனம் அல்ல.) மிசிசிப்பி வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக இருந்தது தர்மண்ட்தான். அவர் வாங்கியது 87.2 சதவீதம்.

கோல்ட்வாட்டரின் எண் நினைவிருக்கிறதா? 87.1. பதினாறு வருட இடைவெளி, ஒருவர் ஜனநாயகக் கட்சிப் பெயரில், மற்றவர் குடியரசுக் கட்சிப் பெயரில். ஓட்டு மட்டும் அச்சு மாறாமல் அப்படியே. கோல்ட்வாட்டர் செனட்டில் 1964-ஆம் வருட சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். ஜான்சன் ஜூலை 2 அன்று அதில் கையெழுத்திட்டவர். 1968-இல் அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மூன்றாம் கட்சியில் நின்றபோது மிசிசிப்பியில் 63.5 சதவீதம் அவருக்குப் போனது, நிக்சன் 13.5-க்குச் சுருங்கினார். 1972-இல் வாலஸ் களத்தில் இல்லை, நிக்சன் 78.2-க்கு எகிறினார். கட்சிப் பெயரை அழித்துவிட்டு, "சிவில் உரிமைக்கு மற்றவரைவிடத் தடையாக இருப்பார் என்று நம்பப்பட்டவர்" என்று ஒரு நெடுவரிசை போட்டுப் பாருங்கள். வரிசை சட்டென்று சீராகிவிடும்.

எனவே உங்கள் தாளில் எப்போதும் மூன்றாவது நெடுவரிசை ஒன்று வேண்டும்: மற்றவர்கள். சீட்டில் பெயரே இல்லாமல் போனவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அலபாமாவில் 1948-இல் ட்ரூமன் பெயரும் இல்லை, 1964-இல் ஜான்சன் பெயரும் இல்லை. பதவியில் இருந்த அதிபருக்கு அங்கே பூஜ்யம் ஓட்டு என்று அட்டவணை காட்டும்.

அண்மைக் கால உதாரணம் யூட்டா. 2012-இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி அங்கே சுமார் 48 புள்ளி முன்னிலை. 2016-இல் டிரம்ப் சுமார் 18. முப்பது புள்ளி ஜனநாயகக் கட்சி பக்கம் ஊசல் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஹிலரி கிளிண்டன் வாங்கியது 27.5 சதவீதம், ஒபாமா வாங்கியதைவிட மூன்று புள்ளிகூட அதிகமில்லை. மீதி எங்கே? யூட்டாவிலேயே பிறந்த மார்மன் மதத்தவரான எவன் மெக்மலின் சுயேச்சையாக நின்று 21.5 சதவீதத்தை எடுத்துக்கொண்டார். 2020-இல் அவர் இல்லை. டிரம்ப் 58 ஆனார், ஜோ பைடன் 37.6 ஆனார். மெக்மலினின் ஓட்டுகள் எல்லாம் தாய்வீடு திரும்பவில்லை, கணிசமான பகுதி எதிர்முகாமுக்கே போயிருக்க வேண்டும். மூன்றாம் வேட்பாளர் பலருக்கு ஒரு இடைத்தங்கல், அடுத்த தேர்தலில்தான் அவர்கள் எந்தப் பேருந்தில் ஏறினார்கள் என்று தெரியும்.

படி 5: சொந்த மண் கணக்கு

ஜார்ஜியாவின் 59 புள்ளிக்குப் பெரும்பகுதி விளக்கம் எளிது: கார்ட்டர் அந்த மாகாணத்தின் முன்னாள் ஆளுநர், ப்ளெயின்ஸ் என்ற சிற்றூரின் நிலக்கடலை விவசாயி. ஹவாயின் 2008-ம் அப்படித்தான், ஒபாமா ஹொனலூலுவில் பிறந்தவர்.

தோற்ற இடத்திலும் சொந்த மண் பலன் ஒளிந்திருக்கும். மெக்கவர்ன் 1972-இல் தன் சொந்த தெற்கு டகோட்டாவிலேயே தோற்றார் என்று கேலி செய்வார்கள். நாடு முழுக்க 23 புள்ளியில் தோற்றவர் அங்கே தோற்றது 9 புள்ளிக்குள். முந்தைய தேர்தலில் அதே கட்சியின் ஹியூபர்ட் ஹம்ப்ரி அங்கே 11 புள்ளியில் தோற்றிருந்தார். நாடே நிக்சன் பக்கம் பாய்ந்தபோது தெற்கு டகோட்டா இம்மியளவு எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

படி 6: சதவீதத்தை விட்டுத் தலைகளை எண்ணுங்கள்

இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சதவீதம் என்பது வந்தவர்களுக்குள் பங்கு. வராதவர்களையும் புதிதாக வந்தவர்களையும் அது காட்டாது.

டெக்சாஸின் தெற்கு விளிம்பில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஸ்டார் கவுன்ட்டி (மாகாணத்துக்குள் ஒரு சிறு நிர்வாகப் பகுதி) இருக்கிறது. 2016-இல் கிளிண்டன் அங்கே 79 சதவீதம், டிரம்ப் 19. 2020-இல் பைடன் 52, டிரம்ப் 47. அறுபது புள்ளி முன்னிலை ஐந்தாகிவிட்டது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மாறினார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓட்டுகளை எண்ணிப் பாருங்கள்: கிளிண்டன் சுமார் 9,300, பைடன் சுமார் 9,100. இருநூறு ஓட்டுகூடக் குறையவில்லை. டிரம்ப்தான் சுமார் 2,200-இலிருந்து 8,200-க்கு ஏறியிருக்கிறார். முன்பு வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் பெருமளவில் வந்திருக்கிறார்கள் என்பது ஒரு வாசிப்பு. சிலர் மாறி, அவர்கள் விட்ட இடத்தைப் புதியவர்கள் நிரப்பியிருக்கலாம் என்பது இன்னொன்று. மொத்த எண்ணை மட்டும் வைத்து இரண்டில் எது என்று அறுதியிட முடியாது. 2024-இல் டிரம்ப் அந்த கவுன்ட்டியை ஜெயித்தே விட்டார்.

நியூயார்க் வேறு மாதிரி. 2020-இலிருந்து 2024-க்குள் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 23 புள்ளியிலிருந்து 13-க்கும் கீழே இறங்கியது. பைடனுக்கு விழுந்தது சுமார் 52.4 லட்சம், கமலா ஹாரிஸுக்கு 46.2 லட்சம். டிரம்ப் 32.5 லட்சத்திலிருந்து 35.8 லட்சம். ஒரு பக்கம் 6 லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, மறுபக்கம் கூடியது 3.3 லட்சம்தான். ஆக அங்கே வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றிப் பேசாமல் கதை முடியாது.

தலைகளை எண்ணும்போது மிசிசிப்பி இன்னொரு முகத்தைக் காட்டும். 1960 கணக்கெடுப்பில் அந்த மாகாண மக்களில் 42 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். 1964-இல் ஓட்டுப்போடும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பட்டியலில் பெயர் இருந்தது 7 சதவீதத்துக்கும் குறைவு. காரணம் சோம்பல் அல்ல. பதியப் போனால், பதிவு அதிகாரி காட்டும் மாகாண அரசியல் சட்டப் பிரிவு ஒன்றைக் கையால் எழுதி அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்வதும் அதே அதிகாரிதான். 1962-இல் கொண்டுவந்த சட்டப்படி விண்ணப்பித்தவரின் பெயர் இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாகும். முதலாளியும், நில உரிமையாளரும், முகமூடிக் கும்பலும் வாசிக்கும் பத்திரிகை அது. 1964 கோடையில் வாக்காளர் பதிவு இயக்கத்துக்குப் போன மூன்று இளைஞர்கள் நெஷோபா கவுன்ட்டியில் கொல்லப்பட்டார்கள்.

ஆக கோல்ட்வாட்டரின் 87 சதவீதம் மிசிசிப்பியின் குரல் அல்ல. பேச அனுமதிக்கப்பட்டவர்களின் குரல்.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1964-இல் மிசிசிப்பியில் பதிவான ஓட்டு சுமார் 4.1 லட்சம், 1968-இல் 6.5 லட்சம். ஜான்சனுக்கு விழுந்தது சுமார் 52,600. ஹம்ப்ரிக்கு 1,50,600, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சதவீத அட்டவணையில் இது 12.9 என்பது 23 ஆனதாக மட்டும் தெரியும். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே பலர் வாழ்நாளில் முதல் முறையாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

படி 7: கவுன்ட்டிக்குள் இறங்குங்கள்

கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போல, பல இடங்களில் தாலுகாவைவிடவும் சிறியது. மாகாணத்தின் சராசரி எதை மறைக்கிறது என்பது அங்கே தெரியும். 2012-இல் ஒபாமா அயோவாவை சுமார் 6 புள்ளியில் ஜெயித்தார், 2016-இல் டிரம்ப் 9 புள்ளியில். தேசிய நகர்வு வெறும் 2 புள்ளிதான், மீதி 13 அயோவாவினுடையது. அதன் 99 கவுன்ட்டிகளில், இரண்டு முறை ஒபாமாவுக்குப் போட்டுவிட்டு டிரம்புக்குத் தாவியவை 31. வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹோவர்ட் கவுன்ட்டி 2012-இல் ஒபாமாவுக்கு 20 புள்ளிக்கு மேல் கொடுத்தது, அடுத்த முறை டிரம்புக்கும் அதேபோல் 20-க்கு மேல் கொடுத்தது. நாட்டில் வேறு எந்தக் கவுன்ட்டியும் இப்படிச் செய்யவில்லை. தலைநகர் டி மொய்ன் இருக்கும் போல்க் கவுன்ட்டி ஜனநாயகக் கட்சியிடமே நின்றது.

எச்சரிக்கை: கவுன்ட்டியின் எண்ணை வைத்துத் தனிமனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கல்லூரிப் படிப்பு குறைந்த கவுன்ட்டி நகர்ந்தது என்பதால், அங்கே நகர்ந்தவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்று ஆகாது. ஸ்டார் கவுன்ட்டி போல மக்கள்தொகையில் ஏறத்தாழ எல்லோருமே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் துணிந்து பேசலாம்.

படி 8: காரணத்தைப் பக்கத்து மாகாணத்தில் சோதியுங்கள்

காரணம் சொல்வது சுலபம், அது ஏன் எல்லைக்கு அந்தப்புறம் வேலை செய்யவில்லை என்று கேட்டால்தான் வியர்க்கும். 2004-இல் இண்டியானா ஜார்ஜ் புஷ்ஷுக்கு 21 புள்ளி முன்னிலை கொடுத்தது, 2008-இல் ஒபாமாவுக்கு 1 புள்ளி. பொருளாதார வீழ்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அதே வீழ்ச்சியில் அடிபட்ட பக்கத்து ஒஹாயோ நகர்ந்தது 7 புள்ளிக்கும் குறைவு. வித்தியாசம் என்னவென்றால், ஒஹாயோவில் 2004-லேயே இரு தரப்பும் முட்டிமோதியிருந்தன. இண்டியானாவில் அதிபர் தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சி பல வருடமாகக் கடையே விரிக்கவில்லை. 2008 மே மாத உட்கட்சித் தேர்தல் கடைசிக்கட்டம் வரை இழுத்ததால் ஒபாமாவின் ஆட்கள் மாகாணம் முழுக்க இறங்கிவிட்டார்கள். வடமேற்கு மூலை சிகாகோ தொலைக்காட்சி பார்க்கும் பகுதி, சிகாகோ இருக்கும் இலினாயின் செனட்டரான ஒபாமா அங்கே அந்நியர் அல்ல.

ஒரே காரணம் இரண்டு திசையிலும் தள்ளுவதும் உண்டு. 1928-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர், மதுவிலக்கை எதிர்த்தவர். புராட்டஸ்டன்ட் தெற்கில் டெக்சாஸ், ஃபுளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னஸி எல்லாம் ஹெர்பர்ட் ஹூவருக்குப் போயின. கத்தோலிக்கர் நிறைந்த மாசசூசெட்ஸும் ரோட் ஐலண்டும் ஸ்மித்திடம் வந்தன. அப்படியென்றால் புராட்டஸ்டன்ட் மிசிசிப்பியும் ஓடியிருக்க வேண்டுமே? ஸ்மித்துக்கு அங்கே 82 சதவீதம். கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஆழத் தெற்கில், வெள்ளையர் ஆதிக்கத்தைக் காத்துநின்ற, ஜனநாயகக் கட்சி மட்டுமே ஆளும் ஒற்றைக் கட்சி ஏற்பாடு உடையக்கூடாது என்ற பயம் மத வெறுப்பைவிடப் பெரிதாக இருந்தது.

படி 9: அடுத்த தேர்தலையும் கீழ்மட்டப் பதவிகளையும் பாருங்கள்

இண்டியானா 2012-இல் ராம்னிக்கு 10 புள்ளி கொடுத்துத் திரும்பிவிட்டது. வெர்மான்ட் 1968-லேயே நிக்சனிடம் திரும்பியது, நிரந்தரமாக ஜனநாயகக் கட்சிக்கு வந்தது 1992-இல்தான். 1964-இன் அடுத்த தேர்தலைப் பார்த்தவர்கள் அதை ஒரு விபத்து என்றே எழுதியிருப்பார்கள்.

மேற்கு வர்ஜீனியா திரும்பவே இல்லை. 1996-இல் பில் கிளிண்டனுக்கு 15 புள்ளி, 2000-இல் புஷ்ஷுக்கு 6 புள்ளி. அதன் 5 தேர்வாளர் வாக்குகள் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போயிருந்தால் அவர்தான் அதிபர், ஃபுளோரிடா மறு எண்ணிக்கை தேவையே பட்டிருக்காது. நிலக்கரி, துப்பாக்கி, கோரின் சுற்றுச்சூழல் பேச்சு என்று அப்போதே காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் அதே 2000-இல் மாகாண ஆளுநர் தேர்தலில் ஜெயித்தது ஜனநாயகக் கட்சியின் பாப் வைஸ், 2004-இல் அதே கட்சியின் ஜோ மேன்சின். மாகாணச் சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்கு வர 2014 தேர்தல் வரை ஆனது. 2024-இல் டிரம்ப் அங்கே வாங்கியது கிட்டத்தட்ட 70 சதவீதம்.

அதிபர் தேர்தலில் முதலில் உடையும், உள்ளூரில் பிறகு உடையும். வாக்காளர் டெல்லிக்கு ஒன்று கோட்டைக்கு ஒன்று போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு சூத்திரமும் கிடையாது: மேற்கு வர்ஜீனியாவில் 14 வருடம். 1964-இல் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் கொடுத்த மிசிசிப்பி, நவீன காலத்தில் ஒரு குடியரசுக் கட்சிக்காரரை, கிர்க் ஃபோர்டைஸை, முதன்முறையாக ஆளுநராக்கியது 1991-இல்.